ஓதம் ஏறும் நேரத்தில் மழை கொட்டினால்: கடலோர நகரின் வடிகாலைத் திட்டமிடும் முறை

கடலோர நகரில் மழைநீர் வடிகாலின் அகலத்தைவிட அதன் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். ஓதம் (கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவது) ஏறிக் கடல்மட்டம் தெருமட்டத்தை நெருங்கிவிட்டால் எவ்வளவு பெரிய வடிகாலிலும் நீர் தேங்கி நின்றுவிடும். தாழ்ந்த தெருக்களுக்குள் கடல்நீரே திரும்பி வரும்.

முதலில் ஒவ்வொரு வடிகால் வாயின் மட்டத்தையும், அதில் சேரும் தெருக்களில் மிகத் தாழ்ந்த புள்ளியின் மட்டத்தையும் ஒரே அடிப்படையில் அளந்து குறியுங்கள். பக்கத்திலேயே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் உச்ச ஓதத்தின் அளவையும் எழுதுங்கள். புயலின்போது காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். காற்று கரையை நோக்கித் தள்ளும் நீர் அதற்கும் மேலே சேரும், பெரும்பாலும் அதுவே அதிகம்.

ஓதத்துக்குக் கீழே வரும் வாய்களுக்கு நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு தேவை. ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக் குப்பையோ இடையில் சிக்கினால் போதும், கதவு திறந்தே நிற்கும். கீல் துருப்பிடிப்பதும், சிப்பி ஒட்டி விளிம்பு சரியாகப் படியாமல் போவதும் வழக்கமான பழுதுகள். அதனால் ஒவ்வொரு உச்ச ஓதத்துக்கும் முன் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கதவு மூடியிருக்கும்போது பெய்யும் மழைக்கு இடம் வேண்டுமே! இந்தக் கணக்கைத் தவிர்த்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். 1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்பது 10 கன மீட்டர் நீர். 100 ஹெக்டேரில் மணிக்கு 50 மி.மீ. வீதம் இரண்டு மணி நேரம் பெய்து, அதில் 70 சதவீதம் வழிந்தோடினால் 70,000 கன மீட்டர். 2 மீட்டர் ஆழத்துக்குத் தேக்க 3.5 ஹெக்டேர் வேண்டும். தேக்காமல் பம்பால் மட்டுமே வெளியேற்றுவதென்றால் நொடிக்குச் சுமார் 10 கன மீட்டர் இறைக்க வேண்டும். எனவே குளமும் சதுப்பும் முதலில், பம்பு பிறகு. ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் குளத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்ததும், மழைக்கு முந்தைய வற்றத்திலேயே, அதாவது கடல் இறங்கியிருக்கும் நேரத்திலேயே, குளத்தின் நீர்மட்டத்தை இறக்கிவிடுங்கள். இடமில்லாத இடத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள பெந்தெம்பிளைன் சதுக்கம் ஒரு வழி காட்டுகிறது: மற்ற நாளில் விளையாட்டுத் திடல், பெருமழையில் நீர்த்தேக்கம்.

பம்புகளில் ஒன்று பழுதானாலும் மீதி பம்புகள் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். மின்பலகை, ஜெனரேட்டர், எரிபொருள் தொட்டி மூன்றும் வெள்ளமட்டத்துக்கு மேலே இருக்கட்டும். 2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில் வைத்திருந்த மின்கருவிகள் மூழ்கிப் பல கட்டடங்கள் இருளில் மூழ்கின. பம்புக்கு முன்னால் குப்பையைத் தடுக்கும் முன்வலை அடைத்தாலும் பம்புக்கு நீர் வராது. அடைமழையில் அங்கே ஆள் நிற்க வேண்டும்.

கடல்நீரைத் தடுக்கச் சுவர் கட்டினால் மழைநீரும் உள்ளேயே அடைபடும் என்பதால் மேலே சொன்னவற்றை முடித்த பிறகே அதற்குப் போங்கள். சுவரின் அடித்தளமும் முக்கியம்: 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் சில கால்வாய்ச் சுவர்கள் நீர் மேலே வழிவதற்கு முன்பே சரிந்தன. அலையாத்தி நடுவதானால் சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் நடுங்கள். அதற்குக் கீழே நீண்ட நேரம் நீரில் மூழ்கிக் கிடக்கும் நாற்றுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சும் நகரம் தானே தாழ்ந்துபோகும். ஜகார்த்தாவின் வட பகுதி இன்றும் தாழ்கிறது. டோக்கியோ உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்திய பிறகு தாழ்வு பெரிதும் நின்றது. ஆகவே மட்டங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள். மட்டம் அளக்க அடையாளமாக நட்ட அளவுக்கல் உறுதியான அடிநிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகரத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கும், தாழ்வு கணக்கில் தெரியாது.