பாட்டிக்குத் தெரியாத குரங்கு: பிள்ளைகளுக்குப் படக்கதை செய்வது எப்படி

மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழில் படக்கதை செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கதையை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் வரிக்கு ஒரு படம் போடுகிறார்கள். சிவப்புச் சைக்கிள் என்று எழுதியிருக்கும், பக்கத்திலேயே சிவப்புச் சைக்கிள் நிற்கும். பிள்ளை கண்டுபிடிக்க அங்கே என்ன இருக்கிறது? எழுத்துக்கு ஒரு கதை, படத்துக்கு வேறொரு கதை என்று பிரித்துக் கொடுங்கள்.

பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோசிஸ் வாக்' (1968) என்ற ஆங்கிலப் படக்கதை கையில் கிடைத்தால் விடாதீர்கள். ரோசி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிறது, மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். படத்திலோ ஒரு நரி பின்னாலேயே வந்து, பாயும்போதெல்லாம் எதிலாவது மாட்டிக்கொள்கிறது. எழுத்தில் நரியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குக்கூட கோழிக்குத் தெரியாதது தெரிந்துவிடுகிறது, அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள்.

சரி, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வருவோம். இங்கே நரிக்குப் பதில் குரங்கு. பாட்டி கடையில் பிஸ்கட் வாங்கிச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு, செம்பனைக்காட்டு வழியாக லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று வையுங்கள். எட்டு ஏ4 தாளை மடித்து நடுவில் தைத்தால் 32 பக்கம், படப் புத்தகங்களுக்கு வழக்கமான அளவு அதுதான். முதலில் குரங்கின் கதையைப் பென்சிலில் படமாக மட்டும் வரைந்து முடியுங்கள். எழுத்து பாட்டி சொல்வதாக இருக்கட்டும்: "வெயிலுக்கு முன்னால் கிளம்பினேன். சைக்கிள் கடகட என்றது. வழியில் ஒரு ஜீவனையும் காணோம்." சத்தம், நேரம், மனசில் ஓடுவது, இவற்றைப் படத்தால் சொல்ல முடியாது, எழுத்து அதைச் செய்யட்டும். நிறம், உருவம், அழுகை எல்லாம் படத்திலேயே இருப்பதால் அந்தச் சொற்களை அடித்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் குரங்கைப் பற்றி ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும், எழுதவே கூடாது.

தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், அதனால் பாட்டி வலப்பக்கம் நோக்கிப் போகட்டும், குரங்கு இடப்பக்கத்திலிருந்து துரத்தட்டும். கூடைக்குள் குரங்கின் கை போகிற படம் வலப்பக்கத்தில் வர வேண்டும், என்ன ஆனது என்பது தாளைத் திருப்பினால்தான் தெரிய வேண்டும். திருப்பியதும் வரும் இரண்டு பக்கத்திலும் எழுத்தே வேண்டாம், ஹட்சின்ஸும் அப்படித்தான் செய்திருக்கிறார். குரங்கை மூலையில் பொடிசாக ஒளித்து வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

முடித்ததும் படத்தை மறைத்து எழுத்தை மட்டும் படியுங்கள், அமைதியான ஒரு கதை வர வேண்டும். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பார்த்தால் அதுவும் தனியாக நிற்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாங்கிக்கொண்டிருந்தால் மறுபடி வரையுங்கள்.

வாசித்துக் காட்டும்போது குரங்கை விரலால் காட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் நிறுத்துங்கள். "பாட்டி, பின்னால பாருங்க!" என்று பிள்ளைகள் கத்துவார்கள், அப்போதும் எதுவும் நடக்காத மாதிரி பாட்டியின் குரலிலேயே அடுத்த வரிக்குப் போங்கள்.