மலைப்பாதையில் இருவர் சைக்கிள்: பின் சீட்டை மறப்பதால் வரும் தவறுகள்

டேண்டம் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கொடைக்கானல் ஏரியைச் சுற்ற வாடகைக்குக் கிடைக்கும் இருவர் சைக்கிள்தான். அதே அமைப்பில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்து, கல்லும் வேரும் கிடக்கிற பாதையில் இறக்குவதற்கென்றே செய்த வண்டிகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் வென்டானா நிறுவனம் செய்த ‘எல் கான்கிஸ்டடோர்’ இந்த வகையில் பேர்போனது. எல்ஸ்வொர்த் நிறுவனத்தின் ‘விட்னஸ்’ இன்னொன்று. கொலராடோவில் நடக்கும் லெட்வில் 100 மைல் மலை சைக்கிள் பந்தயத்தில், 12,000 அடிக்கு மேல் ஏறி இறங்கும் பாதையில், டேண்டம் ஜோடிகளும் போட்டியிடுகிறார்கள்.

இந்த வண்டியில் முன்னால் இருப்பவரை கேப்டன் என்பார்கள். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் பெரும்பாலும் அவர் கையில்தான். பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர். அவர் மிதிக்கலாம், உடம்பைச் சாய்க்கலாம், அவ்வளவுதான். கண்ணுக்கு எதிரே கேப்டனின் முதுகு. வருகிற குழி தெரியாது. அதோடு, பின் வீலுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே உட்கார்ந்திருப்பதால் பின் வீல் வாங்குகிற அடியெல்லாம் நேராக அவருக்கே. வண்டியைப் பார்த்து, விலை பேசி, வாங்கி, செட்டிங் செய்து ஓட்டுபவர் அநேகமாக கேப்டன்தான். அவர் தன் வசதிக்கேற்ப எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதே இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

வாங்கும்போது

முன் ஃபோர்க்கில் (முன் வீலை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவை) பணத்தைக் கொட்டிவிட்டு, பின்பக்கத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத ஃப்ரேம் போதும் என்று முடிப்பது முதல் தவறு. கேப்டனுக்குப் பாதை தெரியும். மேடு வரும்போது எழுந்து முழங்காலை மடக்கி அடியை வாங்கிக்கொள்வார். அந்த வசதி இல்லாதவர் ஸ்டோக்கர். ஆகவே டேண்டத்தில் பின் சஸ்பென்ஷன் முழுக்க முழுக்க ஸ்டோக்கருக்காகத்தான். ஒருவேளை நீங்கள் போகப்போவது காட்டு இலாகாவின் மண்சாலை, கால்வாய்க் கரை மாதிரி இடங்கள்தான் என்றால் முழு சஸ்பென்ஷனே தேவையில்லை. சாதாரண ஃப்ரேமில் பின் சீட்டுக்கு மட்டும் நல்ல சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) போட்டால் போதும். கனம் குறையும், பராமரிப்பு குறையும், காசும் மிச்சம்.

அளவு விஷயம் அடுத்தது. கேப்டன் உட்கார்ந்து பார்த்து “சரியாக இருக்கிறது” என்றால் பாதிதான் முடிந்திருக்கிறது. கேப்டனின் சீட்டுக்கும் ஸ்டோக்கரின் சீட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பழைய வண்டிகளில் இது ரொம்பக் குறுகல். ஸ்டோக்கரின் மூக்கு கேப்டனின் முதுகுப் பையில் இடிக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஸ்டோக்கரின் ஹேண்டில்பார் கேப்டனின் சீட்போஸ்ட்டில்தான் மாட்டப்பட்டிருக்கும். செங்குத்தான இறக்கத்தில் கேப்டன் தன் சீட்டைத் தாழ்த்த விரும்பி டிராப்பர் போஸ்ட் போட்டால், அந்த ஹேண்டிலை மேலும் கீழும் நகரும் உள்குழாயில் மாட்ட முடியாது. அசையாத வெளிக்குழாயில்தான் மாட்ட வேண்டும். அதற்கு ஃப்ரேமுக்கு வெளியே அந்தக் குழாய் போதிய நீளம் தெரிய வேண்டும். கேப்டன் குட்டையானவர் என்றால் இடமே இருக்காது. டிராப்பரை ஆர்டர் செய்வதற்கு முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

யார் முன்னால் என்பதில் வீட்டு வழக்கத்தைப் பார்க்காதீர்கள். கணவர் என்பதால் முன்னால் உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மலைப்பாதையில் தனி சைக்கிளை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்தான் முன்னால். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிட ரொம்பவே கனமானவர் என்றால் மெதுவான வேகத்தில் வண்டியை நேராகப் பிடிப்பதே கேப்டனுக்குப் பெரும்பாடு. அதையும் கணக்கில் எடுங்கள்.

ஃபோர்க் பற்றி ஒரே எச்சரிக்கை: தனி சைக்கிளுக்கான ஃபோர்க்குகள் பலவற்றின் கையேட்டில் டேண்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றே இருக்கும். பருமனான கால்கள் உள்ள மாடலாகப் பார்த்து, டேண்டத்துக்கு அனுமதி உண்டா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபோர்க் உடைவது பஞ்சர் மாதிரி இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் பின் ஹப்பின் (வீலின் நடு உருளை) அகலத்தை அளக்காமல் காசு கொடுத்துவிடுகிறார்கள். பழைய டேண்டங்களில் 145 மி.மீ., 160 மி.மீ. என்று அகலங்கள் உண்டு. இன்றைய மலை சைக்கிள்களில் பரவலாக இருப்பது 148 மி.மீ. வீல் கெட்டுப்போனால் அந்தப் பழைய அகலத்தில் ஹப் தேடி அலைய வேண்டும். சாதாரண ஹப்பை எப்படியாவது பொருத்தினாலும் இரண்டு பேரின் மிதியும் ஒரே ஹப்பின் மேல் விழும். ஏற்றத்தில் உள்ளே இருக்கும் பற்கள் நொறுங்கிப்போகும். டிடி ஸ்விஸ் 540 மாதிரி டேண்டத்துக்கென்றே செய்த ஹப், 36 அல்லது 40 ஸ்போக்ஸ் கம்பி, தடித்த ரிம் என்று போவதே நல்லது. 28 கம்பி வீல் அழகாகத்தான் இருக்கும்.

ஷாக்கில் காற்று அடிப்பது

வண்டியை வாங்கி வந்தவுடன் கேப்டன் தனியாக ஏறி உட்கார்ந்து, அமுக்கிப் பார்த்து, “கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது” என்று காற்றைக் குறைப்பார். அப்புறம் இரண்டு பேரும் ஏறியதும் பின் ஷாக் (பின் சஸ்பென்ஷனின் காற்றுக் குழல்) முக்கால்வாசி உள்ளே போய்விடும். பாதையில் முதல் பெரிய கல்லிலேயே ‘டொக்’ என்று அடி முட்டும். அந்த முட்டு போய்ச் சேர்வது ஸ்டோக்கரின் இடுப்பில்.

சரியாகச் செய்ய இரண்டு பேரும் வேண்டும். வண்டியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது ஆள் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சுவர். ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள். இருவரும் பெடலில் கால் வைத்து, வழக்கமாக ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை மூன்றாமவர் மேலே ஒட்டித் தள்ளிவிடட்டும். குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து பாருங்கள். ஷாக்கின் மொத்த ஓட்டம் 57 மி.மீ. என்றால் அதில் 30 சதவீதம், அதாவது சுமார் 17 மி.மீ., நகர்ந்திருந்தால் சரி. 25 மி.மீ. நகர்ந்திருந்தால் காற்று போதாது.

கூடுதல் காற்று அடிக்கும்போது ஷாக்கின் மேலேயே அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைப் பாருங்கள். பல ஏர் ஷாக்குகளில் அது 300 அல்லது 350 பிஎஸ்ஐ. உங்கள் இருவரின் எடைக்கு அதையும் தாண்ட வேண்டியிருந்தால் அந்த ஷாக் உங்களுக்கானது இல்லை. தகுந்த ஸ்பிரிங் போட்ட காயில் ஷாக்குக்கு மாறுங்கள். அப்புறம், காற்று கூடினால் ஷாக் திரும்பி விரிகிற வேகமும் கூடும். ரீபவுண்ட் திருகைக் கூடவே இறுக்காவிட்டால் ஒவ்வொரு மேட்டுக்கும் பின் சீட், பஸ்ஸின் கடைசி வரிசை மாதிரி ஆளைத் தூக்கிப்போடும். தனி சைக்கிளில் பழகிய கிளிக் எண்ணிக்கையை இங்கே மறந்துவிடுங்கள்.

பிரேக்: சூட்டைக் கணக்கிடாதது

கேப்டன் 70 கிலோ, ஸ்டோக்கர் 60, வண்டி 20, தண்ணீரும் சாமான்களும் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 155 கிலோ. 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 456 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். வேகமாகப் போனால் ஒரு பகுதியைக் காற்றின் தடை எடுத்துக்கொள்ளும். செங்குத்தான, கரடுமுரடான பாதையில் மெதுவாக இறங்கும்போது அந்த உதவி அவ்வளவாகக் கிடைக்காது. பெரும்பகுதி இரண்டு மெல்லிய இரும்புத் தட்டுகளில்தான் சூடாக இறங்கும்.

ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கை நீண்ட இறக்கத்தில் நம்பினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கிலும் 160 மி.மீ. ரோட்டர் (பிரேக் பிடிக்கும் தட்டு), இரண்டு பிஸ்டன் போதாது. முன்னும் பின்னும் 203 மி.மீ. ரோட்டர், தட்டைக் கவ்வும் நான்கு பிஸ்டன் காலிப்பர், சிண்டர்டு பேட் (உலோகத் தூளை இறுக்கிச் செய்த பிரேக் கட்டை) என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள்.

நல்ல பிரேக்கையும் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: இறக்கம் முழுக்க லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது. ரோட்டருக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. பிரேக் ஆயில் கொதித்தால் லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்து ஒட்டிவிடும், வண்டி நிற்காது. வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போவதாகத் தோன்றிய உடனே நிறுத்துங்கள். ரோட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சத்தமே சொல்லிவிடும்.

முன் பிரேக்கைக் கண்டு பயந்து பின் பிரேக்கிலேயே இறங்குபவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு நீளமான வண்டி, தனி சைக்கிள் மாதிரி அவ்வளவு எளிதில் முன்பக்கமாகக் குப்புறக் கவிழாது. சரளையில் முன் வீல் வழுக்குவதுதான் கவலை. நேராகப் போகும்போது முன் பிரேக்கை தைரியமாகப் பயன்படுத்துங்கள், திரும்பும்போது விட்டுவிடுங்கள்.

பாதையில்

கிளம்புவதிலேயே சண்டை ஆரம்பிக்கும். கேப்டன் இரண்டு காலையும் அகல விரித்து நின்று, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டோக்கர் ஏறி, இரண்டு பெடலிலும் கால் வைத்து, கேப்டனுக்கு வசதியான இடத்துக்கு பெடலைச் சுற்றிக் கொண்டுவருவார். இரண்டு கிராங்க்கும் (பெடல் மாட்டும் தண்டுகள்) ஒரே செயினில் இணைந்திருப்பதால், காலை விரிக்காமல் நிற்கும் கேப்டனின் கெண்டைக்காலில் பெடல் இடிக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஏற முயல்வதுதான் புதியவர்கள் விழுவதற்கு முக்கியமான ஒரு காரணம்.

அடுத்தது பேசாமல் ஓட்டுவது. கியர் மாற்றும்போது மிதியைத் தளர்த்த வேண்டும். இரண்டு பேரின் முழு பலத்தில் கியர் மாற்றினால் செயின் அறுந்துவிடும். ஸ்டோக்கருக்கு அது எப்படித் தெரியும்? “கியர்”, “குழி”, “எழு”, “நிறுத்து” என்று ஒற்றைச் சொல்லாக, நடக்கப்போவதற்கு ஒரு நொடி முன்னாலேயே சொல்லுங்கள். குழியில் விழுந்த பிறகு “ஸாரி” என்பது மரியாதைதான், முதுகுக்கு உதவாது.

கட்டைகளையும் திட்டுகளையும் தனி சைக்கிளில் தாண்டுவது போலத் தாண்ட நினைக்காதீர்கள். முன் வீலையும் பின் வீலையும் குதித்துத் தூக்க முடியாது. முன் வீல் ஏறிவிடும். நடுவில் தொங்கும் செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) கட்டையில் உட்கார்ந்துவிடும். அமெரிக்காவின் மோவாபில் உள்ள ஸ்லிக்ராக் பாதையைப் பாருங்கள்: மணற்பாறையில் டயர் நன்றாகவே பிடிக்கும், ஆனால் குறுகிய ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அப்படிப்பட்ட கூரான முகடுகளில் வண்டியின் வயிறு தட்டும். செயின்ரிங்குக்குக் காப்புத் தகடு போடுவது நல்லது. இரண்டு கிராங்க்கை இணைக்கும் இடப்பக்கச் செயின் தொய்ந்திருந்தால் இப்படி ஒரு தட்டிலேயே கழன்றுவிடும். முன் கிராங்க்கின் அச்சை நகர்த்தி அதை இறுக்கலாம். கிளம்பும் முன் கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்தில் இறுக்கம் அதிகம் என்று பார்த்து, அந்த இடத்தில் அளவாக வையுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பின் வீல் உள்பக்கமாக வெட்டும். கேப்டன் கல்லைத் தவிர்த்துத் திரும்பியிருப்பார்; பின் வீல் அதே கல்லில் ஏறும். வெளி ஓரத்தை ஒட்டிப் போய், தாமதமாகத் திரும்புங்கள். ஸ்காட்லாந்தின் கிளென்ட்ரெஸ் போன்ற இடங்களில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று நிறம் கொடுத்திருப்பார்கள். தனி சைக்கிளில் சிவப்பில் சுலபமாகப் போகிறவர்களும் டேண்டத்தில் நீலத்திலிருந்து ஆரம்பிப்பதே நல்லது. நிறம் கஷ்டத்தைச் சொல்லும். வளைவு எவ்வளவு குறுகல், இந்த நீளத்துக்குத் திரும்ப இடம் இருக்குமா என்று சொல்லாது. சந்தேகமான வளைவு என்றால் இறங்கித் தள்ளுங்கள்.

அந்த “இறங்கு” என்ற சொல்லை ஸ்டோக்கரும் சொல்லலாம் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் கேப்டன் அங்கேயே நிறுத்த வேண்டும். ஏன் எதற்கு என்பதை வண்டி நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம்.