ஊரில் பாமசி எதற்கு, வைத்தியசாலை எதற்கு

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகிற எங்களுக்குச் சில குறிப்புகள். யாழ்ப்பாணத்தில் தடிமன், தலையிடி, நுளம்புக்கடி, வயிற்றோட்டம் போன்ற சின்ன வருத்தங்களுக்குப் பக்கத்துப் பாமசியே போதும். வயிற்றோட்டத்துக்கு 'ஜீவனி' என்று கேளுங்கள், உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்கிற தூள் அது. கொதித்தாறிய தண்ணீரில் பொதியில் சொன்ன அளவுக்குக் கரைத்து, அன்றைக்கே குடித்து முடியுங்கள்.

குளிசைகளைப் பெரும்பாலும் பெட்டியோடு தரமாட்டார்கள். மட்டையிலிருந்து ஆறோ எட்டோ வெட்டி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, காலை, இரவு என்று குறித்துத் தருவார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம். அவற்றையும் உறையில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் தந்தாலும் வாங்காதீர்கள்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் பாமசியிலேயே தடுப்பூசி போட்டுப் பழகிவிட்டோம். ஊரில் அந்த வழக்கம் இல்லை. டைபோயிட், ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைப் பற்றிப் பயணத்துக்கு 4 முதல் 6 கிழமைக்கு முன்பே உங்கள் வைத்தியரிடம் கதையுங்கள். டைபோயிட் வடக்கில் நெடுங்காலமாக இருக்கிற நோய். மலேரியாவை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது.

காய்ச்சல் என்றால் மட்டும் கவனம். நாங்கள் மார்கழி லீவுக்குப் போகிற நேரம்தான் அங்கே மழையும் டெங்கும். பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் கொடுங்கள். இங்கே பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஐபுபுரோபன் வேண்டாம், டைக்குளோபெனக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்கில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாளாகியும் விடவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, தொடர்ந்து சத்தி, கைகால் குளிர்தல் கண்டால் உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நாய் கடித்தாலும், சின்னக் கீறலே பட்டாலும், பாமசிப் பக்கம் போகவே வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசியின் பெயரையும் போட்ட திகதிகளையும் எழுதி வாங்குங்கள், மிச்ச ஊசியைத் திரும்பி வந்து போட அது வேண்டும். அவசரத்துக்கு இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990.