மழலையர் சிறப்புக் கல்வி: குமரி மாவட்டப் பட்டதாரிகள் வெளிநாட்டில் ஆசிரியர் பணி பெறும் வழி

குமரி மாவட்டத்திலிருந்து சிறப்புக் கல்வித் துறையில் வெளிநாட்டு வேலைக்கு முயல்பவர்களில் பலர் முதலில் விசாவைப் பற்றி விசாரிக்கிறார்கள், அடுத்துக் கல்லூரியைத் தேடுகிறார்கள், ஆசிரியர் உரிமம் என்று ஒன்று தனியாக உண்டு என்பதைப் படிப்பு முடியும் தறுவாயில்தான் அறிகிறார்கள். பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள, வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ கொண்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணிக்கு இந்த வரிசை ஒத்துவராது. எந்த நாட்டில், அந்நாட்டின் எந்த மாநிலத்தில், எந்த வயதுக் குழந்தைக்குக் கற்பிக்க உரிமம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த உரிமத்தைப் பெற்றுத்தரும் படிப்பைத் தேர்ந்து, அதன் பிறகே விசாவுக்கு வர வேண்டும்.

வயதா, குறைபாட்டின் வகையா

நம் நாட்டில் சிறப்பாசிரியர் பயிற்சியை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமம், அதாவது ஆர்.சி.ஐ., முறைப்படுத்துகிறது. இங்கே சிறப்புக் கல்விப் பட்டயமும் பி.எட். பட்டமும் பெரும்பாலும் குறைபாட்டின் வகையை ஒட்டிப் பிரிக்கப்படுகின்றன: அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்பன போல. வெளிநாடுகள் பலவற்றில் முதலில் பார்க்கப்படுவது குழந்தையின் வயது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பிறப்பிலிருந்து மூன்றாம் பிறந்தநாள் வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு பகுதியையும், மூன்று முதல் ஐந்து வயதினருக்கு வேறொரு பகுதியையும் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் பிறப்பு முதல் மழலையர் வகுப்பு வரைக்கும் மட்டுமே செல்லும் தனி ஆசிரியர் சான்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதலில் மழலைக் கல்வியாளர் சான்று. அதன்மேல் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான கல்வியாளர் சான்று. ஆஸ்திரேலியாவின் குடியேற்றப் பட்டியலிலோ மழலைக் கல்வி ஆசிரியரும் சிறப்புத் தேவை ஆசிரியரும் இரு வேறு தொழில்கள். இரண்டையும் சேர்த்த ஒரே தலைப்பு அங்கே இல்லை என்பதால், உங்கள் சான்றிதழ்கள் எந்தப் பக்கம் வலுவாகச் சாய்கின்றனவோ அந்தப் பக்கமே விண்ணப்பிக்க வேண்டும்.

இதன் விளைவு மிகவும் நடைமுறையானது. பி.எட். சிறப்புக் கல்வி முடித்தவரின் மதிப்பெண் பட்டியலில் குறைபாட்டின் பெயர் இருக்கும். எந்த வயதுக் குழந்தைகளுடன் பயிற்சி பெற்றார் என்பது இருக்காது. அயல்நாட்டு மதிப்பீட்டாளருக்கு வேண்டியது அந்த இரண்டாவது தகவல்தான். நம் பயிற்சி நிறுவனங்கள் தரும் ‘திறம்படப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரிக் கடிதம் அங்கே எதற்கும் உதவாது. கடிதத்தில் இப்படி இருக்க வேண்டும்: ‘இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இரண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட, ஆட்டிசம் மற்றும் வளர்ச்சித் தாமதம் கொண்ட குழந்தைகளுக்கு, தகுதி பெற்ற சிறப்பாசிரியரின் மேற்பார்வையில், இத்தனை நாள்கள், இத்தனை மணி நேரம் கற்பித்தார், வளர்ச்சி மதிப்பீடு செய்தார், தனிநபர் கல்வித் திட்டம் எழுதினார், பெற்றோருக்கு வழிகாட்டினார்.’ மேற்பார்வையாளரின் பெயர், பதவி, ஆர்.சி.ஐ. பதிவெண், நிறுவனத்தின் மின்னஞ்சல் ஆகியவையும் வேண்டும். படிப்பு முடிந்து நாள் கடந்தால், மேற்பார்வை செய்தவரே வேறு ஊருக்கு மாறியிருப்பார். பயிற்சி முடியும் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் பழகிய அனுபவம் போதாதவர்கள் புறப்படுவதற்கு முன் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அமைந்த, வளர்ச்சித் தாமதத்தைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட இடையீட்டு மையங்களின் பணியிடப் பட்டியலிலேயே சிறப்பாசிரியர் பணி இடம்பெற்றிருக்கிறது. நம் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், வடக்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் தொடக்கநிலை இடையீட்டில் நெடுநாள் உழைத்தவை. பயிற்சிக்கு இடம் உண்டா என்று கேட்டுப் பார்க்கத் தகுந்தவை. திருவனந்தபுரத்தில் உருவாகிய வளர்ச்சி அறிதல் அட்டவணை, இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு 17 கூறுகளை மட்டும் கொண்டு சில நிமிடங்களில் தாமதத்தைக் கண்டறிய உதவுவது. அதைப் பயன்படுத்தியவர் வெளிநாட்டுக் கருவிகளை எளிதில் பிடித்துக்கொள்வார். வீட்டிலேயே பெற்றோர் வழியாகக் குழந்தைக்குக் கற்பிக்கும் போர்ட்டேஜ் முறையில் பயிற்சி பெற்றவர்கள் அதைத் தன்விவரக் குறிப்பில் தயங்காமல் எழுதலாம். அது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த முறையே.

படிப்பைத் தேரும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, மழலையர் சிறப்புக் கல்வி முதுகலையை இரண்டு பாதைகளாக நடத்துகின்றன. ஒன்று மாநில ஆசிரியர் உரிமத்துக்குப் பரிந்துரைக்கும் பாதை. மற்றொன்று பட்டம் மட்டும் தரும் பாதை. இரண்டுக்கும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், பட்டத்தின் பெயரும் ஒன்றாகவே இருக்கும்; ஆனால் இரண்டாவதை முடித்தவர் அரசுப் பள்ளி வகுப்பில் ஆசிரியராக நுழைய இயலாமல் உதவியாளராகவே நிற்க நேரும். ஆகவே சேர்க்கைக் கடிதத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், ‘இந்தப் படிப்பு எந்த மாநிலத்தின் எந்த உரிமத்துக்கு என்னைப் பரிந்துரைக்கும், அயல்நாட்டு மாணவருக்கும் அந்தப் பாதை திறந்திருக்கிறதா’ என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறுங்கள். ஆலோசனை மையத்தின் வாய்மொழி உறுதி இங்கே செல்லாது.

அமெரிக்காவில் பட்டம் பெற்றபின் 12 மாதம் பணிப் பயிற்சி அனுமதி உண்டு. கல்வியியல் பட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் இல்லாததால் கூடுதல் 24 மாத நீட்டிப்பு கிடைக்காது. இந்த அனுமதிக் காலத்தில் மொத்தம் 90 நாள்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. படிப்பு முடிந்த 60 நாள்களுக்குள் தொடக்கத் தேதியை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். மே மாதம் முடிப்பவர் ஜூலை நடுவில் தொடங்குமாறு கேட்டால், ஆகஸ்ட் இறுதியில் பள்ளி திறக்கும்போது 90 நாளில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்; மே மாதமே தொடங்கினால் கோடை விடுமுறை அத்தனையையும் தின்றுவிடும். அடுத்த கட்டமான எச்-1பி எனும் வேலை விசாவுக்கான ஆதரவைப் பள்ளி மாவட்டங்கள் பல தருவதில்லை. தருபவையும் பெரும்பாலும் ஆண்டுக்கு 85,000 என்ற குலுக்கல் வரம்புக்குள்தான் வருகின்றன. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. நாகர்கோவிலில் இருந்தபடியே அமெரிக்கப் பள்ளி மாவட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வழியை அது ஏறக்குறைய அடைத்தேவிட்டது. அங்கே படித்து முடித்தவர்கள், நேர்காணலின் முதல் சுற்றிலேயே விசா ஆதரவு உண்டா என்று பணிவாகக் கேட்டுவிட வேண்டும்.

என் கணிப்பில், இத்துறையில் குமரி மாவட்டப் பட்டதாரிக்குக் கனடாவின் பாதையே ஓரளவு நேரானது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டு விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் கல்வித் துறைக்கெனத் தனிப் பிரிவு வந்தது. மழலைக் கல்வியாளர்களும், மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி தருவோரும் அதில் அடங்குவர். முதுகலை முடித்தவருக்கு, படிப்பு இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தாலும், மூன்றாண்டுப் பணி அனுமதி கிடைக்க வழியுண்டு. பட்டயப் படிப்பென்றால், அந்தத் துறை அரசின் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்வதற்கு முன் சரிபார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஐந்தாண்டுச் சான்றுக்கு 500 மணி நேர மேற்பார்வைப் பணியையும் காட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் சிறப்புத் தேவை ஆசிரியராக மதிப்பீடு பெற, நான்காண்டுக்கு இணையான உயர்கல்வியும் அதற்குள் ஓராண்டு ஆசிரியப் பயிற்சியும், 45 நாளேனும் மேற்பார்வையில் கற்பித்த சான்றும் வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் வாசித்தலிலும் எழுதுதலிலும் 7, கேட்டலிலும் பேசுதலிலும் 8 எடுக்க வேண்டும். இந்த 8 பலரைத் தடுக்கிறது. மற்ற வேலைகளுக்கெல்லாம் முன்பே ஆறு மாதத்தைக் கேட்டல், பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்குவது வீணாகாது. அங்கே படித்து முடிப்போருக்கான பணி விசாவுக்கு 2024 ஜூலை முதல் பொதுவாக 35 வயது வரம்பு இருப்பதால், பிள்ளை வளர்ந்த பின் படிக்கப் போகலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் பட்டம் பெற்றபின் தங்கும் அனுமதி இப்போது இரண்டாண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம். 2025 ஜூலைக்குப் பின் வகுப்பு உதவியாளர் பணியை வைத்துத் திறன்சார் பணி விசா பெற முடியாது. சிங்கப்பூரில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான இடையீட்டுத் திட்டத்தை அரசின் மேற்பார்வையில் சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. வளைகுடாவில், குறிப்பாகத் துபாயில், 2017 முதல் தனியார் பள்ளிகளுக்கு, குறைபாடுள்ள குழந்தைகளையும் மற்றவர்களோடு சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கக் கல்விக் கொள்கை இருப்பதால் உதவி ஆசிரியர் இடங்கள் கிடைக்கின்றன. ஒப்பந்தத்தில் ஊதியத்தையும், பதவி ஆசிரியர் என்று இருக்கிறதா, உதவியாளர் என்றா என்பதையும் பார்த்துக் கையொப்பமிடுங்கள்.

பெயரும் முத்திரையும்

விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பிறந்தவர்களின் கல்விச் சான்றுகளில் பெயர் ஒற்றை முன்னெழுத்துடன் இருக்கும். கடவுச்சீட்டிலோ அந்த எழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயரின் இடத்தில் அமர்ந்திருக்கும். மணமான பெண்களுக்குக் கணவரின் பெயரும் சேரும். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதியாவணம் எழுதி வைத்துக்கொண்டால் மதிப்பீட்டு நிறுவனங்களின் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். இளங்கலை மதிப்பெண் பட்டியலை அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்தும், பி.எட். பட்டியலைச் சென்னையிலுள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இருந்தும் முத்திரையிட்ட உறையில் பெற வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். மாநில அரசின் சரிபார்ப்புக்குப் பின் ஆவணம் உண்மையானது என அயல்நாடுகளுக்கு உறுதி தரும் அப்போஸ்டில் முத்திரையை வெளியுறவு அமைச்சகத்திடம் பெற வேண்டும். கனடா 2024 ஜனவரி முதல் அதை ஏற்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் அப்போஸ்டிலுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இல்லாததால் தூதரகச் சான்றொப்பம் தனியாக வேண்டும்.

நேர்காணலில்

தேர்வுக் குழு பெரும்பாலும் ஒரு சூழலைச் சொல்லி உங்கள் செயலைக் கேட்கும். ‘மூன்று வயதுக் குழந்தை சிற்றுண்டி நேரத்தில் மேசையை விட்டு ஓடுகிறது, என்ன செய்வீர்கள்?’ நம்மவர்கள் உடனே ‘அன்பாக எடுத்துச் சொல்லி உட்கார வைப்பேன்’ என்கிறார்கள். குழு எதிர்பார்ப்பது அதற்கு முந்தைய படி. எழுந்து ஓடுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கால் தரையில் படாமல் தொங்குகிறதா, தட்டிலுள்ள உணவின் பதம் பிடிக்கவில்லையா, அறையின் இரைச்சல் தாங்கவில்லையா என்று சில நாள் பார்த்துக் குறித்துக்கொள்வது. வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறது என்று தாயிடம் கேட்பது. அதன்பின் கால்மணையும் படக் குறிப்பும் வைப்பது. இலக்கை எழுதச் சொன்னால், ‘கவனம் மேம்படும்’ என்று எழுதாதீர்கள். ‘படக் குறிப்பைக் காட்டியதும், கையைப் பிடிக்காமலேயே, ஐந்து நாளில் நான்கு நாள், ஐந்து நிமிடம் மேசையருகே அமர்ந்து உண்ணும்’ என்று எழுதினால் வேறொரு ஆசிரியரும் அதை அளந்து பார்க்க முடியும்.

மூன்று வயதுக்குட்பட்டோர் பணியில் இன்னொரு வேறுபாடும் உண்டு. தக்கலையிலோ கருங்கலிலோ தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வருகிறார், ஆசிரியர் பயிற்சி தருகிறார், தாய் வெளியே காத்திருக்கிறார். அமெரிக்கச் சட்டம் குழந்தையின் இயல்பான சூழலில் சேவை தரச் சொல்வதால், ஆசிரியர் வீட்டுக்குப் போய், குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் பெற்றோர் தாமே செய்யும்படி கற்றுக்கொடுக்கிறார். குழந்தையை மதிப்பிடும்போது இயன்றவரை குடும்பத்தின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்பதும் அங்கே விதி. தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசும் குமரி மேற்குப் பகுதியினர் இரண்டையும் தன்விவரக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். வளைகுடாவில் மலையாளம் இன்னும் அதிகமாகப் பயன்படும்.

இடைத்தரகர்கள் வழியாகச் செல்வோர், வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் அவர்களுடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆர்.சி.ஐ. பதிவின்றி இங்கே சிறப்பாசிரியராகத் தொழில் செய்வது சட்டப்படி தண்டனைக்குரியது. அயல்நாட்டுத் தகுதியை அங்கீகரிக்க அச்சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடமுண்டு. அந்த விண்ணப்பத்துக்குப் பாடத்திட்டமும் பயிற்சி மணிக்கணக்கும் தேவைப்படும் என்பதால், பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு மூடப்படுவதற்கு முன் ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் தரவிறக்கி, துறைத் தலைவரின் கையொப்பத்துடன் வாங்கி வாருங்கள்.