முழங்கால் சில்லு விலகிய பின் மூட்டைக் காப்பது எப்படி

ஏற்காட்டின் காப்பித் தோட்டச் சரிவில் கால் பிசகி முழங்கால் சில்லு விலகினால், அது தானாகவே இடத்திற்குத் திரும்பிவிட்டாலும், காலை அசையாமல் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கி எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சில்லு வெளிப்பக்கம் விலகித் திரும்பும்போது தொடை எலும்பின் விளிம்பில் மோதுவதால், மூட்டில் எலும்பை வழுவழுப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பு பெயர்ந்து மூட்டுக்குள் மிதக்கக்கூடும். சில மணி நேரத்திற்குள் முழங்கால் பெரிதாக வீங்குவதும், மடக்கி நீட்டும்போது இடையில் சிக்கிக்கொள்வதும் அதைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்.

இளம் வயது, சில்லு வழுக்கி நகரும் தொடையெலும்புப் பள்ளம் ஆழமற்றிருப்பது, இயல்பைவிட மேலே அமைந்த சில்லு ஆகியவை மீண்டும் விலகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தொடையின் முன்தசையை இயன்முறை மருத்துவர் சொல்லும் வரிசையில் வலுப்படுத்துங்கள்; அதுவரை மலைச்சரிவில் நடந்து இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.