நெருக்கீட்டுக்கு ஹிப்னோதெரபி: புதிதாகத் தொடங்குவோர் விடும் பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அறை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் உளவளத்துணைப் பயிற்சி முடித்த நாலைந்து பேர் வந்து, ஒருவரை ஒருவர் கதிரையில் இருத்தி, நெருக்கீட்டுக்கு, அதாவது மன அழுத்தத்துக்கு, ஹிப்னோதெரபி செய்து பழகுவார்கள். போன கிழமை ஒரு தம்பி, கண்மூடி இருந்த சக மாணவியிடம் மெல்லக் கேட்டார்: "இந்தப் பயம் முதன்முதல் வந்த நாளுக்குப் போங்கோ. அங்க உங்களோட ஆர் நிக்கினம்?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 12 வருடங்களுக்கு முன் இதே அறையில் இதே கேள்வியை நானும் கேட்டேன். அதனால் ஒரு குடும்பம் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போனை நிறுத்திவைப்பது, நேரத்துக்கு வருவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

வசியம் என்று நினைத்து வருபவருக்கு விளக்காமல் தொடங்குவது

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. மன்செஸ்டரில் தொழில் பார்த்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840களில் ஹிப்னோடிசம் என்ற பெயரைப் பரப்பினார். பிறகு இது தூக்கமே இல்லை, மனம் ஒன்றில் குவிவதுதான் என்று கண்டு பெயரை மாற்றப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் ஒட்டிவிட்டது. நம்மவர்கள் சொல்லும் மனோவசியம் இன்னும் மோசம். புருஷனை வசியப்படுத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. பாமன்கடையில் வாழ்ந்த, பேய்க் கதைகளை ஆராய்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள், இதைப் பேய் பிசாசுக் கதைகளோடு சேர்த்தே கேட்பார்கள்.

நான் அறிதுயில் என்றே சொல்வேன். பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளுக்குச் சொல்கிற சொல். துயில்வதுபோல் இருக்கும், ஆனால் எல்லாம் அறிவோம். இதைக் கேட்டதும் ஓர் அம்மா, மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கைப்பையை எடுத்து நிலத்தில் வைத்தார். முதல் கால் மணித்தியாலத்தை இந்த விளக்கத்துக்கே கொடுங்கள்.

உடம்பைப் பார்க்க முன்னமே நெருக்கீடு என்று முடிவுகட்டுவது

படபடப்பு, கை நடுக்கம், நித்திரையின்மை, மெலிவு எல்லாம் தைரொயிட் கூடினாலும் வரும். முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காதில் குரல் கேட்கிறது, செத்தால் நல்லது போலிருக்கிறது என்று சொல்பவரை அறிதுயிலில் இருத்த வேண்டாம். அவர் அன்றைக்கே மனநல வைத்தியரிடம் போகவேண்டும். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உங்கள் அறைச் சுவரில் இருக்கட்டும்.

குளிசை

வைத்தியர் கொடுத்ததை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மூல காரணத்தைத் தோண்டுவது

12 வருடங்களுக்கு முன் நான் அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு அப்போது 34 வயது. ஒரு கம்பனியில் கணக்காளர். மார்ச் மாதம் நெருங்கினால் நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டுவதுபோல் இருக்கும் என்று வந்தார். வைத்தியர் இதயத்தைப் பார்த்துக் குறையில்லை என்று சொல்லியிருந்தார். மூன்றாம் முறை நன்றாக ஆழ்ந்தார். அந்த இறுக்கம் முதலில் வந்த இடத்துக்குப் போகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இருட்டு" என்றார். "புகை மணக்குது."

என் மனம் உடனே 1983 ஆடிக் கலவரத்துக்குப் பாய்ந்துவிட்டது. வயதைக் கணக்குப் பார்த்தேன். நாலு. "வெளியில சத்தம் கேக்குதா?" என்றேன். கேட்குது என்றார். அவர்களோடு சித்தப்பா ஒருவர் இருந்ததை முதல் நாளே சொல்லியிருந்தார். "சித்தப்பா பக்கத்தில நிக்கிறாரா?" என்று கேட்டேன். அழத் தொடங்கினார். "சித்தப்பா மதிலால பாஞ்சு போயிட்டார். என்னை விட்டிட்டுப் போயிட்டார்."

அன்று அவர் இலேசாகி வீட்டுக்குப் போனார். வேரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் பூரித்திருந்தேன். இரண்டு நாளில் அவர் ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து, தன்னைப் படிப்பித்த அந்தச் சித்தப்பாவிடமே, "என்னை ஏன் விட்டிட்டு ஓடினீங்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த கிழமை அவருடைய அம்மா வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. "தம்பி, அவ அப்ப கொழும்பிலயே இல்லை. எனக்கு மற்றப் பிள்ளை கிடைக்க இருந்ததால சித்திரையிலயே சாவகச்சேரிக்கு அம்மம்மாவிட்ட அனுப்பிட்டம். வயித்தோட நிண்ட என்னை மதிலுக்கு மேலால தூக்கி இறக்கினவர் அந்த மனுசன்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. 83இன் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை கொழும்பில் யார்? புகை, மதில், சித்தப்பா எல்லாம் சாப்பாட்டு மேசையில் நூறு தரம் கேட்டவை. இருட்டும் புகையும் மட்டுமே அவர் தானாகச் சொன்னவை. சத்தத்தையும் சித்தப்பாவையும் உள்ளே கொண்டுபோய் வைத்தது நான்.

ஞாபகம் என்பது பெட்டியில் பூட்டிவைத்த படச்சுருள் இல்லை. நினைக்கும் ஒவ்வொரு தடவையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லொஃப்டசும் ஜக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேரிடம், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனீர்கள் என்று நடக்காத கதையொன்றை உறவினர் சொன்னதாகக் கொடுத்தார்கள். 6 பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களை யாரும் அறிதுயிலில் ஆழ்த்தவும் இல்லை. அறிதுயிலில் கற்பனை இன்னும் கூர்மையாகும், கண்டது உண்மை என்ற உறுதியும் கூடும். உண்மை மட்டும் கூடுவதில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும், குறுகிய காலப் பயிற்சிகளில் இதையே பெரிய வித்தையாகப் படிப்பிக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை. அந்தப் பெண்ணின் நெருக்கீட்டுக்குக் காரணம் என் முதல் நாள் குறிப்பிலேயே கிடந்தது: ஆண்டிறுதிக் கணக்கு, இரவு பத்து மணிவரை வேலை, வீட்டுக் கடன், ஐந்து மணித்தியால நித்திரை. என் கையால் எழுதியதை நானே தாண்டிப் போயிருக்கிறேன்.

பிழை என்னுடையது என்று கைப்பட எழுதிச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அந்தப் பிள்ளையோடு திரும்பக் கதைக்க இரண்டு வருடம் எடுத்தது.

இப்போது நான் இன்றைய நெஞ்சோடு மட்டும் வேலை செய்கிறேன். மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடப் பழக்குவேன். உடம்பு தளர்ந்த நேரத்தில் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கச் சொல்லி, அந்தத் தளர்ச்சியை விரலோடு பழக்கிவிடுவேன். பிறகு, மார்ச் மாதக் காலையில் ஒபிஸ் கதிரையில் இருந்து கணினியைத் திறப்பதை மனதுக்குள் பத்துத் தரம் நடத்திப் பார்ப்போம். வீட்டில் தினமும் பத்து நிமிடம் தானே செய்யவேண்டும்.

பழைய காட்சி தானாக வந்தால் ஆர், எங்கே, எப்ப என்று கேட்காதீர்கள். ஓம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். "இப்ப நீங்கள் வெள்ளவத்தையில, என்ர அறையில இருக்கிறீங்கள். ரெண்டு காலும் நிலத்தில இருக்கு" என்று திருப்பிக் கொண்டுவாருங்கள். அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே குறித்துவையுங்கள். போர்க்காலக் காயம் உண்மையாகவே இருப்பவரை, அதற்கென்று படித்தவரிடம் அனுப்புங்கள்.

எல்லாரையும் ஒரே கடற்கரைக்குக் கூட்டிப்போவது

இரவல் வாங்கிய அறிதுயில் வசனங்களில் எப்போதும் ஒரு கடற்கரை இருக்கும். 2004 மார்கழி 26 சுனாமியைக் கண்ட ஒருவருக்கு அலைச் சத்தம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். முதலில் கேளுங்கள். ஒருவர் தனக்கு நிம்மதியான இடமாகச் சொன்னது, அம்மம்மா வீட்டு விறாந்தையில் வெறும் மேலோடு படுத்தால் முதுகில் ஏறும் சீமெந்துக் குளிர்.

புத்தகத் தமிழ்

"உமது இமைகள் கனமடைகின்றன" என்றால் யாருக்கும் கண் மூடாது. "கண் பாரமா வருது, என்ன?" என்று கேளுங்கள்.

சத்தம் ஓயட்டும் என்று காத்திருப்பது

கொழும்பில் ஓயாது. எங்கள் ஒழுங்கையின் முடிவில் கரையோர ரயில் பாதை. ரயில் வரும்போது என்னிடம் பழக வரும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்கள். அந்த ரயிலையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன்: "சத்தம் தெஹிவளைப் பக்கம் தூரத்தூரப் போகுது, தோளும் அதோட சேர்ந்து இறங்குது."

அரைகுறையாக எழுப்பி அனுப்புவது

ஐந்துவரை எண்ணி எழுப்பியதும் வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, எந்த பஸ்ஸில் போகப்போகிறார் என்று கேளுங்கள். பதில் இழுத்து இழுத்து வந்தால் இன்னும் பத்து நிமிடம் இருத்துங்கள். வெளியே வாகனம் ஓடும் காலி வீதி, அவர் அதைக் கடக்கவேண்டும்.