காங்கேயம் காளையின் முகத்தைப் பென்சிலில் வரையும் முறை

பண்ணை விலங்குகளுள் பென்சிலுக்கென்றே நிறம் வாய்த்தது காங்கேயம் மாடு. கன்றுப் பருவத்தில் செம்பழுப்பாக இருந்து, சில மாதங்களில் சாம்பலுக்கு மாறி, பொலிகாளையாக வளர்ந்த பின் தலையிலும் கழுத்திலும் திமிலிலும் தொடையிலும் கறுப்பேறி நிற்கும் அதன் உடலை வரைய வண்ணமே வேண்டியதில்லை. தாளின் வெண்மையும் கிராஃபைட்டின் கருமையும் போதும். மயிர் மயிராக வரைந்தால் படம் தத்ரூபமாகிவிடும் என்று தொடக்கநிலையினர் பலர் நம்புகின்றனர். எலும்பின் மேடுபள்ளமும் ஒளிநிழலும் சரியாக அமையாத முகத்தில் எத்தனை ஆயிரம் மயிர் வரைந்தாலும், அது பொம்மைக்குப் போர்த்திய தோலாகவே நிற்கும். ஆகவே இங்கு மயிருக்குரிய இடம் கடைசியில்தான் வருகிறது.

முதலில் நல்ல நிழற்படம் வேண்டும். வெள்ளக்கோவில் அருகே கண்ணபுரத்தில் சித்திரைத் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுத்தாவணிக்குச் சென்றால் தேர்ந்தெடுக்க நூற்றுக்கணக்கான முகங்கள் கிடைக்கும். உரியவரிடம் கேட்டுவிட்டு எடுப்பது முறை. காலை 8 மணிக்கு முன்போ மாலை 4.30 மணிக்குப் பின்போ, வெயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும்போது எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் கண்குழி முழுதும் கறுத்துவிடும். கைபேசியை முகத்தருகே கொண்டுசென்றால் மூக்கு பருத்தும் கொம்பு சிறுத்தும் பதிவாகும் என்பதால், மூன்று மீட்டர் தள்ளி நின்று, மாட்டின் கண்மட்டத்திற்குக் கைபேசியைத் தாழ்த்தி, இருமடங்கு ஜூம் வைத்து எடுப்பது நல்லது. நேர்முகத்தைவிட, சற்றே பக்கம் திரும்பிய முக்கால்முகம் சிறந்தது. மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், முக்கால்முகத்தில் அப்பாலுள்ள கண் பெரும்பாலும் ஒரு புடைப்பாக மட்டுமே தெரியும். அதையும் முழுக்கண்ணாக வரைந்தால் மாட்டு முகத்தில் மனிதப் பார்வை வந்துவிடும்.

எச்பி, 2பி, 4பி, 8பி ஆகிய நான்கு பென்சில்கள் போதும். பென்சிலின் கூர் களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்தது. களிமண் கூடினால் கடினமும் வெளுப்பும் (எச் வரிசை), கிராஃபைட் கூடினால் மென்மையும் கருமையும் (பி வரிசை) கிடைக்கும்; எச்பி இரண்டுக்கும் நடுவிலுள்ளது. 1795-இல் பிரான்சில் நிக்கோலா-ஜாக் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்ற இக்கலப்பு முறைதான் இன்றும் பென்சில் தரங்களுக்கு அடிப்படை. எச்பியை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் 8பியின் கருமை வராமல் தாள் பளபளப்பது இதனால்தான். தாள் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) குறையாத, லேசான சொரசொரப்புள்ள ஏ3 அளவு கார்ட்ரிட்ஜாக, அதாவது தடித்த ஓவியத்தாளாக இருக்கட்டும். சாதாரண ரப்பருடன், பிசைந்து கூராக்கக்கூடிய நீடபிள் ரப்பர் ஒன்றும், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்றும் தேவைப்படும்.

நிழற்படத்தில் 1.5 செ.மீ. கட்டமும் தாளில் 3 செ.மீ. கட்டமும் போட்டுக்கொண்டால் உருவம் சரியாக இருமடங்காகும். கட்டத்தை 2எச் பென்சிலால் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடினமான கூர் தாளில் பள்ளம் பதிக்கும், பின்பு அதன்மேல் கருமை ஏற்றும்போது பள்ளத்தில் கிராஃபைட் இறங்காமல் வெள்ளைக் கோடாகத் தெரியும். எச்பியை மிக லேசாகப் பிடித்துப் போடுவதே பாதுகாப்பு. கொம்பின் அடிகள், கண்ணின் முன்மூலை, நாசித்துளை, தாடையின் வளைவு ஆகியவற்றின் இடங்களை முதலில் குறித்துவிட்டு, பிறகு அவற்றை இணைத்துப் புறக்கோட்டை வரைய வேண்டும். புறக்கோடு முடிந்ததும் கட்டங்களை அழித்துவிடலாம்.

அடுத்தது நிழல். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிழற்படத்தைப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து ஐந்தாறு கருமைப் படிநிலைகள் மட்டும் தெரியும். அவற்றை எச்பியால் தட்டையாக நிரப்பி, கண்ணுக்கு மேலுள்ள எலும்பு விளிம்பும் கண்ணுக்குக் கீழிருந்து மூக்கை நோக்கி இறங்கும் கன்ன எலும்பும் புடைத்துத் தெரிகின்றனவா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். இந்நிலையிலேயே முகம் மாடாகத் தெரியாவிட்டால் மேற்கொண்டு செல்லாமல் நிழலையே திருத்துவது நல்லது.

கண்ணை முதலில் முடித்துவிட்டால் மற்றக் கருமைகளுக்கு அளவுகோல் கிடைத்துவிடும். மாட்டின் பாவை, அதாவது கண்மணி, வட்டமன்று, கிடைமட்டமாக நீண்டது. அதைச் சுற்றியுள்ள கருவிழியும் கரும்பழுப்பாக இருப்பதால் இரண்டும் எளிதில் பிரிந்து தெரியா. பாவையை 8பியாலும் கருவிழியை 4பியாலும் நிரப்பி, கீழ்ப்பாதியைச் சற்று வெளிறவிட வேண்டும். மேற்பகுதியில் வானம் பிரதிபலிக்கும் வெளிச்சத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிட்டு, அதன் குறுக்கே இமைமயிரின் மங்கலான நிழலை இரண்டு மூன்று கீற்றாக இறக்கினால் கண்ணில் ஈரம் வந்துவிடும். காங்கேயம் மாட்டுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் உண்டு. அதைக் கண்மை தீட்டியதுபோல் ஒரே தடிமனில் வரையாமல், முன்மூலையில் தடித்தும் பின்னே மெலிந்தும் அமைக்க வேண்டும்.

கொம்பைப் பொறுத்தவரை, அடியில் வளையங்களைத் தொடர்ந்து குறுக்குக் கோடுகளும், மேலே போகப்போக நீளவாக்கில் மென்மையான நிழலும் இருக்க வேண்டும். நிழல் பக்க விளிம்பில் ஒரு மெல்லிய கீற்றை வெளிறவிட்டால் உருண்டை வடிவம் தானே வரும். கொம்படியைக் கோட்டோடு வெட்டி நிறுத்தாமல் நெற்றி மயிர் அதன்மேல் ஏறுவதாகக் காட்ட வேண்டும்.

இனி மயிர். காங்கேயம் மாட்டு மயிர் குட்டையானது, தோலோடு படிந்தது. ஏ3 அளவில் ஒரு கோடு 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கோடு தொடங்கும் இடத்தில் அழுத்தி, முடியும் இடத்தில் பென்சிலைத் தூக்கிவிட வேண்டும். திசைதான் இங்கே முக்கியம். நெற்றிச் சுழியிலிருந்து மயிர் மேலும் கீழும் பக்கங்களிலும் பிரிந்து செல்லும். மாடு வாங்குவோர் சுழி பார்த்தே விலை பேசுவர்; படத்தை மாட்டுக்காரரிடம் காட்டினால் அவர் கண் முதலில் போவதும் சுழிக்கும் கொம்புக்கும்தான். ஆகவே சுழி இருக்கும் இடத்தை ஊகத்தால் மாற்றக்கூடாது. வெளிச்சம் விழும் பரப்பில் மயிரையே வரைய வேண்டாம். ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையில் மட்டும் வரைந்தால், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

மூக்குநுனியின் வரிவடிவம் மனிதரின் கைரேகையைப் போல ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனி. 2பியால் சீரான கருமை ஏற்றி, நீடபிள் ரப்பரின் கூரால் சிறுசிறு ஒழுங்கற்ற புள்ளிகளாகக் கருமையை ஒற்றியெடுத்து, புள்ளிகளுக்கிடையே 4பியால் பிளவுகளை ஆழப்படுத்த வேண்டும். உதட்டோரத்து வெண்மயிருக்குத்தான் அந்த மை தீர்ந்த பேனா: கருமை ஏற்றுவதற்கு முன்பே அதனால் தாளில் அழுத்திக் கீறிவிட்டால், மேலே தேய்க்கும் பென்சில் பள்ளத்தைத் தொடாமல் போகும், கட்டம் போடும்போது தவிர்த்த கேடு இங்கே உதவிக்கு வருகிறது. மூக்கணாங்கயிற்றின் முறுக்குகளைச் சாய்கோடுகளாகக் காட்டி, கன்னத்தில் விழும் அதன் நிழலை மேடுபள்ளத்தோடு வளையவிட வேண்டும்.

வேலை முழுவதும் கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். முடிந்ததும், கிராஃபைட் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிய இரு பூச்சுகளாக அடித்து, சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்ல வேண்டும்.